டயகமத்து அனோஜாவும் வெள்ளியின் எரிமலைகளும்

அனோஜாவுக்குச் சின்ன வயதிலிருந்தே குமட்டல் அதிகம். டயகமத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, ஒற்றை அறை வீடுகளின் அந்த நீள வரிசைக்கு, முன்னால் ஒரு கான் ஓடும். எல்லாக் காம்பராக்களின் கழுவுநீரும் அதில்தான் போய்ச் சேரும். மற்றப் பிள்ளைகள் அந்தக் கானைத் தாண்டித் தாண்டி விளையாடுவார்கள். அனோஜா மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போவாள். பொதுக் கக்கூசுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து அடி வாங்குவாள்.

“இந்தப் புள்ளைக்கு எதப் பாத்தாலும் கொமட்டும். தொரை பங்களாவுல பொறக்க வேண்டியது, வழி தவறி நம்ம காம்பராவுல வந்து பொறந்துருச்சு” என்று அம்மா அன்னம்மா பக்கத்துக் காம்பரா மீனம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்னம்மா கொழுந்து எடுப்பவள். அப்பா அழகையாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அனோஜா ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. அது திரும்பி வந்து, ஆளை ஏற்றி, தலவாக்கலைக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கொழுந்துச் சக்கை ஒட்டிக்கிடந்த அந்த லொறிப் பலகையில் அப்பாவைக் கிடத்தித் திருப்பிக் கொண்டுவந்ததை அவள் பார்த்தாள். அழுகையைவிட அருவருப்புத்தான் முதலில் வந்தது. மனிதர்மேல் வந்த அருவருப்பு இல்லை அது. அப்படி ஒரு சாவை வழக்கம்போல எடுத்துக்கொண்ட ஊர்மேல் வந்தது.

அதற்குப் பிறகு அவள் படித்த படிப்பு வெறிபிடித்த படிப்பு. தொண்ணூற்றெட்டில் பல்கலைக்கழகம் கிடைத்தது. புவிச்சரிதவியல் துறையில் பாறைகளைப் பற்றிப் படித்தாள். மூன்றாம் வருடத்தில் பேராசிரியர் குணரத்தினத்தின் ஆய்வறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

குணரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். வரும்போது ஒரு பெட்டி நிறைய இறுவட்டுகள் கொண்டுவந்திருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெகலன் என்ற விண்கலம் வெள்ளிக் கோளைச் சுற்றிச் சுற்றி ராடாரால் எடுத்த படங்கள் அவை. அந்தக் கோளை எந்த நேரமும் அமில மேகம் மூடியிருப்பதால் சாதாரணக் கமராவுக்கு எதுவும் தெரியாது, ராடாருக்குத்தான் தெரியும். அந்தப் பெட்டியை மற்ற மாணவர் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அனோஜா பார்த்தாள். கரடுமுரடான தரை வெள்ளையாகவும் வழவழப்பான தரை கறுப்பாகவும் தெரிந்தன. அதன் நடுவே கொப்புளம் கொப்புளமாக எரிமலைகள். ஈயம் உருகி ஓடுகிற வெக்கை. ஓர் ஆள் கிடையாது, ஒரு கான் கிடையாது. அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. உலகத்திலேயே துப்புரவான இடம் அதுதான் என்று அவளுக்குப் பட்டது.

அவள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளியின் ஒரு சமவெளியில் சின்னச் சின்ன எரிமலைகள் கூட்டமாக இருந்தன. அதே சமவெளியில் நீள நீளமான வெடிப்புகளும் இருந்தன. முதலில் வந்தது எரிமலையா, வெடிப்பா? வெடிப்பு எரிமலையை அறுத்துக்கொண்டு போனால் வெடிப்புப் பிந்தியது. எரிமலைக் குழம்பு வெடிப்பை மூடிக் கிடந்தால் எரிமலை பிந்தியது. ஒவ்வொரு கொப்புளமாக உற்றுப் பார்த்து, பார்த்ததை வரைபடத்தில் நிறம் தீட்டி, எரிமலைகள்தான் பிந்தியவை என்று முடிவுக்கு வந்தாள். அதற்கு அவளுக்குப் பட்டப்படிப்பு முடிந்து மேற்படிப்பிலும் வருடங்கள் போயின. கண்ணாடியும் போட வேண்டிவந்தது.

இரண்டாயிரத்து நான்கு பெப்ரவரியில் நுவரெலியாவில் ஒரு மாநாடு நடத்தக் குணரத்தினம் ஏற்பாடு செய்தார். கோள்களின் எரிமலைகளைப் பற்றியது. யுத்த நிறுத்தக் காலம். வெளிநாட்டுக்காரர் பயமில்லாமல் வந்துபோனார்கள். சிவப்புக் கோளான செவ்வாயில் இரண்டு ஊர்திகள் இறங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வியாழனையும் அதன் நிலவுகளையும் படமெடுத்த கலிலியோ விண்கலம் முந்தின வருடம்தான் வியாழனுக்குள் விழுந்து எரிந்துபோயிருந்தது. பேச விஷயம் நிறைய இருந்தது. அனோஜாவுக்கும் பேச ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

மாநாட்டுக்கு முந்திய வாரம் குணரத்தினம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“இஞ்ச வாரும் பிள்ளை. வெளிநாட்டுக்காரரை வாசலில வரவேற்கிறதுக்கு ஆள் வேணும். கொழுந்து எடுக்கிற உடுப்போட, கூடையோட. ஹோட்டல்காரர் ஆரோ ஒரு பெட்டையை விடுறம் எண்டினம். எனக்கு அது சரிவரேல்ல. அசல் வேணும். நீர் நிண்டால் நல்லா இருக்கும்.”

அனோஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. “நான் கட்டுரை வாசிக்கிறேன் சார்” என்றாள்.

“அது பின்னேரம். இது காலமை. உடுப்பை மாத்திப்போட்டு வந்து வாசியும். அவையளுக்கு அது எவ்வளவு பெரிய அதிசயமா இருக்கும் எண்டு யோசிச்சுப் பாரும். கூடையோட நிண்ட பிள்ளை, பிறகு வெள்ளியைப் பற்றிக் கதைக்குது.”

அவளுக்கு நாக்கின் அடியில் புளிப்பாகத் தண்ணீர் ஊறியது. சத்தி வருவதற்கு முன் வருமே, அந்தத் தண்ணீர். “என்னால முடியாதுங்க சார்” என்றாள்.

“ஏன், என்ன குறைச்சல்? உம்மட அம்மா செய்யிற வேலைதானே?”

“அம்மா அத வேலைக்குச் செய்றாங்க. வேஷத்துக்கு இல்ல.”

அவர் சிரித்தார். கோபப்படவில்லை. “சரி, விடும். ரோசக்காரி” என்றார். விஷயம் அதோடு முடிந்ததென்று அனோஜா நினைத்துக்கொண்டாள்.

மாநாட்டு நாள் காலை. வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய ஹோட்டல் அது. முற்றத்துப் புல்லில் பனி கொட்டிக் கிடந்தது. மேளம் அடித்தார்கள். குத்துவிளக்குக் கொளுத்தினார்கள். விருந்தினர் வரிசையாக உள்ளே போனார்கள். அனோஜா தன் பேச்சுக்கான கண்ணாடித்தாள் படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். வாசலின் வலப்பக்கம் அன்னம்மா நின்றுகொண்டிருந்தாள்.

சிவப்புச் சேலை, பச்சை இரவிக்கை, நெற்றியில் காசளவு பொட்டு, தலைக்கொண்டையில் பிளாஸ்டிக் பூ. தலையில் கயிறு போட்டு முதுகில் ஒரு புத்தம்புது மூங்கில் கூடை. கையில் தட்டு. தட்டில் ரிப்பன் கட்டிய தேயிலைப் பொட்டலங்கள். வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தாடிக்காரக் கிழவர் அவளை ஓரமாகத் திருப்பி நிறுத்தி, கூடை தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டிருந்தார். “லவ்லி, லவ்லி” என்றார்.

அனோஜா ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். “அம்மா, நீங்க இங்க என்னா பண்றீங்க?”

“ஒங்க சாருதான் வரச் சொன்னாரு. தோட்டத்து ஆபிசுக்குப் போன் போட்டு, வேல மேப்பார்க்குற கண்டாக்கையாகிட்டச் சொல்லி, வேனே அனுப்பிட்டாரு. நீ மேடையில பேசுற நாளுன்னாரு. நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?”

தன் பேச்சைப் பற்றிச் சொன்னால் அம்மாவுக்கு விளங்காது என்று விட்டிருந்தாள்.

அன்னம்மா குரலைத் தாழ்த்தினாள். “இந்தக் கூடையப் பாத்தியா? பொம்மைக் கூடை. இதுல ரெண்டு கிலோ கொழுந்து போட்டா அடி புட்டுக்கும். நாங்களே இப்ப நைலோன் சாக்குலதான் எடுக்குறோம். இவுகளுக்கு யாரு சொல்றது?” சொல்லிவிட்டு அடுத்து வந்த வெள்ளைக்காரிக்குச் சிரித்துக்கொண்டே பொட்டலத்தை நீட்டினாள். அவள் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. மகளின் ஊர்த் திருவிழாவுக்கு வந்தவள் போல இருந்தாள்.

அனோஜா நேரே குணரத்தினத்திடம் போனாள். அவர் யாரோ ஓர் அதிகாரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மாவ ஏன் சார் கூட்டியாந்தீங்க?”

“நீர் மாட்டன் எண்டீர். அவ சந்தோசமா வந்தா. இதில உமக்கென்ன நட்டம்? உம்மட பேச்சு நேரத்துக்கு அவவை உள்ளுக்க முன் வரிசையில இருத்திறன். போதுமே?”

அந்த ஒரு வாக்குக்காக அவள் பொறுத்துக்கொண்டாள்.

அவள் பல மாதமாக ஆசைப்பட்டுக் காத்திருந்த பேச்சுகள் எல்லாம் அன்று காதருகே வந்து திரும்பிப் போயின. வியாழனின் நிலவான அயோவைத் திரையில் காட்டினார்கள். கந்தகம் கக்கிக் கக்கி மஞ்சள் படிந்து, பூசணம் பிடித்த ரொட்டி மாதிரி இருந்தது. நெப்டியூனின் நிலவில் பனிக்கட்டிக்குள்ளிருந்து பீறிடும் ஊற்றுகளைப் பற்றி ஒருவர் பேசினார். செவ்வாயில் ஊர்தி நின்ற இடத்திலிருக்கும் கற்கள் எரிமலைக் கற்கள்தான் என்று இன்னொருவர் கை தட்டல் வாங்கினார். நடுவில் ஓர் அரசியல் பிரமுகர் எழுந்து, நுவரெலியாவின் காலநிலையைப் பற்றியும் தன்னைப் பற்றியும் முடிவில்லாமல் பேசினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹோட்டல் சமையல்காரர் எரிமலை போல ஒரு கேக் செய்து வைத்திருந்தார். அதன் வாயிலிருந்து சிவப்பு ஜெலி வழிந்தது. உள்ளே எதையோ வைத்துப் புகையும் வரச்செய்திருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் வெட்டித் தின்றுவிட்டு மீதியைத் தட்டுகளில் குதறிப் போட்டார்கள். சிகரட் சாம்பலைக்கூட ஒருவர் அந்தச் சிவப்புக் குழம்பில் தட்டினார். அனோஜா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தட்டை வைத்துவிட்டாள்.

பின்னேரம் அவளுடைய முறை வந்தது. அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவள் ஐஸ்லாந்திலிருந்து வந்த ஓர் உயரமான பெண். அனோஜாவின் பெயரைச் சரியாக உச்சரிக்க இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். அனோஜா மேடையேறி, முதல் கண்ணாடித்தாளைப் படம்காட்டும் விளக்கின்மேல் வைத்தாள். நிமிர்ந்து முன் வரிசையைப் பார்த்தாள். அம்மா இல்லை. பின் வரிசைகளிலும் இல்லை. குணரத்தினம் நடு வரிசையிலிருந்து, தொடங்கு என்று கையைக் காட்டினார்.

அனோஜா மைக்கில் சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். “காலையில் உங்களுக்கு வாசலில் தேயிலை தந்தவர் என் அம்மா. என் பேச்சைக் கேட்க அவரை உள்ளே இருத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்த பிறகு தொடங்குகிறேன்.”

குணரத்தினம் விறுவிறென்று மேடையோரம் வந்தார். “என்ன பிள்ளை, விளையாடுறீரோ? துவங்கும்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“நீங்கதானே சார் சொன்னீங்க?”

தலைமை தாங்கிய பெண்ணுக்குத் தமிழ் விளங்கவில்லை, விஷயம் விளங்கிவிட்டது. “காத்திருப்போம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அனோஜா பக்கக் கதவால் வெளியே போனாள். நடைபாதையில் நின்ற ஹோட்டல் சிப்பந்தி வீரய்யா அவளைக் கண்டதும் ஒதுங்கினான். அவனும் தோட்டத்து ஆள்தான், நோர்வூட் பக்கம்.

“எங்கம்மா எங்க?”

“பின்னால இருக்காங்க மிஸ். அந்த உடுப்போட ஹோலுக்குள்ள உட வேண்டாம்னுட்டாங்க.”

“யாரு?”

அவன் தரையைப் பார்த்தான். “ஒங்க சாருதான். வெள்ளக்காரங்களுக்கு எடஞ்சலா இருக்கும்னாரு. நான் என்னா செய்ய? நம்ம ஆளுதானேன்னு கேக் குடுத்து உக்கார வச்சேன்.”

குசினிக்குப் பின்னால், கழுவின தண்ணீர் ஓடுகிற இடத்தில், கவிழ்த்துப் போட்ட மரக்கறிப் பெட்டியின்மேல் அன்னம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடை. மடியில் ஒரு தட்டு. தட்டில் அந்த எரிமலைக் கேக்கின் இடிந்த துண்டுகள், ஜெலி எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. அவள் அதை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. திங்குறியா?” என்று நீட்டினாள்.

அனோஜா தட்டை வாங்கி அப்படியே கழிவு வாளியில் கவிழ்த்தாள். “எந்திரிங்க. உள்ள வாங்க.”

“இந்தக் கூடைய?”

“இங்கயே வைங்க.”

“காணாமப் போனா என்னையத்தானே கேப்பாங்க?” கூடையைத் தூக்கிக்கொண்டேதான் வந்தாள்.

இரண்டு பேரும் மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒரு கமரா மின்னியது. பிறகு இன்னொன்று. அனோஜா எவரையும் பார்க்காமல் அம்மாவை முன் வரிசையில் உட்காரவைத்தாள். அன்னம்மா கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அனோஜா பேசத் தொடங்கினாள். பேச்சு நன்றாகவே வந்தது. வெடிப்புகளைக் காட்டினாள், கொப்புளங்களைக் காட்டினாள், எது முந்தி எது பிந்தி என்று படிப்படியாக எடுத்துச் சொன்னாள். வாழ்நாள் முழுவதும் விடிவதற்குள் எழும்பி, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நின்ற அன்னம்மா, மண்டபத்து வெதுவெதுப்பில், மூன்றாவது படத்துக்குள் கூடையில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

பேச்சு முடிந்ததும் பலத்த கை தட்டல். தலைமைப் பெண் கேள்விகளுக்கு நேரம் கொடுத்தாள். நிறையக் கைகள் உயர்ந்தன. முதல் ஆள், இவர் உண்மையிலேயே உங்கள் தாயா என்று கேட்டார். இரண்டாம் ஆள், இது கண்ணீர் வரவழைக்கிற கதை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூன்றாம் ஆள் தாயும் மகளுமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்றார். வெடிப்புகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐஸ்லாந்துப் பெண் மட்டும் ஒரு கேள்வி கேட்கப் பார்த்தாள், நேரம் முடிந்துவிட்டது.

அன்று பொழுதுபட, வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மாவை அவளுடைய பழைய சேலைக்கு மாறச்செய்து, இரண்டு பேரும் தலவாக்கலை பஸ்ஸில் ஏறினார்கள். அனோஜா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“என்னா புள்ள, மூஞ்சி இப்படி இருக்கு?”

“அருவருப்பா இருக்கும்மா. ஒங்கள வேஷங்கட்டி நிக்க வச்சுட்டு, எச்சியக் குடுத்து பின்னால உக்கார வச்சிருக்கான் அந்த மனுசன்.”

“எச்சின்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? வீரய்யா ஆசையாக் குடுத்தான், தின்னேன்.” அன்னம்மா சற்றுப் பொறுத்துக் கேட்டாள். “நெசமாச் சொல்லு. ஒனக்கு அந்தாளு மேல அருவருப்பா, எம்மேலயா?”

அனோஜா திடுக்கிட்டுத் திரும்பினாள். “என்னம்மா பேசுறீங்க?”

“தட்டப் புடுங்குன பாரு, அப்ப ஒம் மூஞ்சியப் பாத்தேன். சின்னதுல கானத் தாண்டுறப்ப வச்சிருப்பியே, அதே மூஞ்சி.”

பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. அனோஜா அம்மாவின் உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், ஜெலியின் பிசுபிசுப்புக்கூட இன்னும் போகவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டே போனாள்.

அடுத்த நாள் பத்திரிகைகளில் படம் வந்தது. கூடையை அணைத்துத் தூங்குகிற தாய், பின்னால் திரையில் வெள்ளிக் கோள். கொழுந்துக் கூடையிலிருந்து கோள்களுக்கு என்று தலைப்பு. பேராசிரியரின் பெருந்தன்மையைப் பற்றி ஒரு பந்தி. ஏழை மாணவியைக் கைதூக்கிவிட்டதோடு, அவள் தாயையும் மாநாட்டுக்கு அழைத்து முன் வரிசையில் இருத்தினாராம். குணரத்தினம் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் அறை வாசலில் மாட்டினார். நன்கொடை கேட்டுப் போகிற இடங்களுக்கெல்லாம் அதைக் காட்டினார் என்றும் கேள்வி.

வருடக் கடைசியில் மாநாட்டுக் கட்டுரைகள் புத்தகமாக வந்தன. அனோஜா தன் கட்டுரையைத் தேடி எடுத்தாள். வரைபடம் அவளுடையது. நிறங்கள் அவளுடையவை. வசனங்களும் முக்கால்வாசி அவளுடையவை. கட்டுரைக்கு மேல் குணரத்தினத்தின் பெயர் மட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்தில், படங்களை ஒழுங்குபடுத்த உதவிய செல்வி அனோஜாவுக்கு நன்றி என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

அவள் போய்க் கேட்டாள்.

“உம்மட பேரைப் போட்டால் ஆர் பிள்ளை வாசிப்பினம்?” என்றார் அவர். உண்மையிலேயே அவளுக்காகக் கவலைப்படுகிறவர் மாதிரித்தான் சொன்னார். “உமக்குப் பேர் வேணுமெண்டால் அந்தப் பேப்பர்ப் படம் இருக்குதே? இலங்கை முழுக்கப் பாத்தது.”

“ஒங்களப் பாத்தா எனக்குக் கொமட்டுது சார்” என்றாள் அனோஜா. சத்தம் போடவில்லை. மேசையில் ஆய்வறைச் சாவியை வைத்துவிட்டு வந்துவிட்டாள். பட்டமேற்படிப்பு பாதியில் நின்றது. அவர் அதற்குப் பிறகும் நன்றாகவே இருந்தார். பதவி உயர்வும் வந்தது.

அடுத்த வருடம் நோர்வூட் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞான ஆசிரியையாக வேலை கிடைத்தது. கடைத்தெருவுக்கு மேலே ஒரு சின்ன வீடு எடுத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டாள். வெள்ளியை விட்டுவிட வேண்டுமென்றுதான் நினைத்தாள். அந்தப் படங்களைத் திறந்தாலே குணரத்தினத்தின் அறை வாசனை அடிப்பது போல இருந்தது. ஆனால் படங்கள் அவருடைய சொத்து அல்ல, உலகத்துக்கே பொதுவானவை. ஹட்டனில் இன்டர்நெட் கடை ஒன்று வந்தபோது, விடுமுறைகளில் போய் உட்கார்ந்து மறுபடி எடுத்தாள். வரைபடத்தை முதலிலிருந்து, அந்தச் சமவெளி முழுவதற்கும், தனியாகத் தீட்டினாள். ஐஸ்லாந்துப் பெண்ணுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பார்த்தாள். கொழும்பில் இரண்டாயிரத்து ஏழில் ஒரு சின்னக் கூட்டம் நடக்கிறது, சுவரில் ஒட்டிக் காட்டுகிற மாதிரி கொண்டுவா என்று பதில் வந்தது.

அப்போது யுத்தம் மறுபடி மூண்டிருந்தது. “ஒத்தையில கொழும்புக்குப் போகாத” என்று அன்னம்மாவும் கூடவே கிளம்பினாள். ஹட்டனிலிருந்து ரயிலேறினார்கள். கோட்டை ஸ்டேஷனுக்கு வெளியே சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். கையில் ஒரு நீளக் குழாய். சிப்பாய் குழாயைத் திறந்து தாளை இழுத்தான். உள்ளே ஒரு பெரிய வரைபடம்.

“மேக்க கொஹேத?” இது எந்த இடம் என்று சிங்களத்தில் கேட்டான்.

“சிக்குரு” என்றாள் அனோஜா. வெள்ளி என்று அர்த்தம்.

அவன் தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டான். மற்றவர்களைக் கூப்பிட்டான். வரைபடத்தை நடைபாதையில் விரித்துப் போட்டு நாலு பக்கமும் சப்பாத்தால் மிதித்துப் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் புள்ளிகள் என்ன, இந்தக் கோடுகள் ரோட்டா, முகாமா? அவள் கைப்பையைக் கொட்டினார்கள். ஒருத்தி உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். போகிற வருகிற சனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். அனோஜாவின் வாயில் பழைய புளிப்பு ஊறியது. இந்த நாட்டில் தான் எங்கே போய் நின்றாலும் யாராவது தன் மீது கை வைப்பார்கள் என்று நினைத்தாள். அம்மாவைத் தனியாக ஒரு பெஞ்சில் இருத்தியிருந்தார்கள்.

அன்னம்மா தனக்குத் தெரிந்த தோட்டத்துச் சிங்களத்தில் பெரியவன் போலிருந்த ஓர் அதிகாரியிடம் பேசிக்கொண்டே இருந்தாள். என் மகள் டீச்சர், அது வானத்து வரைபடம், கூட்டத்துக்குப் போகிறோம், வேண்டுமானால் போன் பண்ணிப் பாருங்கள். கடைசியில் அவர் அழைப்புக் கடிதத்திலிருந்த இலக்கத்துக்குப் பேசினார். பேசி முடித்ததும் வரைபடத்தைத் தானே குனிந்து எடுத்து, தூசியைத் தட்டிச் சுருட்டிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. போகச் சொன்னார்.

கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் எல்லாம் ஒட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் காலியாயிருந்த பலகையில் அனோஜா தன் வரைபடத்தை ஒட்டினாள். தென்பக்கத்தில் சப்பாத்து அடையாளம் பளிச்சென்று தெரிந்தது. துடைத்தாள்; இன்னும் பரவியது. அன்னம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை எழும்பச் சொல்லவில்லை.

ஒல்லியான ஒரு ரஷ்யர் வந்து நின்றார். வயதானவர், சட்டைக் கைப்பொத்தான் கழன்றிருந்தது. எவரையும் விசாரிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. மூக்கு தாளில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, “இது பிழை” என்றார்.

“எது?”

“தெற்கே. இந்த இரண்டு வெடிப்புகளும் எரிமலையின் சரிவில் ஏறுகின்றன. பார். அப்படியானால் இங்கே வெடிப்புத்தான் பிந்தியது. நீ எல்லாவற்றையும் ஒரே மாதிரி தீட்டிவிட்டாய்.”

அனோஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது. இல்லை, அது ராடாரின் நிழல் என்றாள். நிழல் அந்தத் திசையில் விழாது என்றார் அவர். பையிலிருந்து மூலப்படத்தின் பிரதியை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அதை வாங்கி, பேனா முனையால் அதே கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். ஐஸ்லாந்துப் பெண் வந்து சேர்ந்தாள்; அவள் அனோஜாவின் கட்சி. இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். குரல்கள் உயர்ந்தன. தேத்தண்ணி ஆறியது. கடைசியில் அனோஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வடக்கே அவள் சொன்னது சரி. தெற்கே அவர் சொன்னது சரி.

“ஆமாம். தெற்கைத் திருத்த வேண்டும்” என்றாள்.

“திருத்திவிட்டு எனக்கு அனுப்பு” என்று முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் அடுத்த பலகையோடு சண்டை போடப் போய்விட்டார்.

“யாரு புள்ள அந்தாளு? இந்தக் கத்துக் கத்துறான்” என்று கேட்டாள் அன்னம்மா.

“நான் செஞ்சது தப்புங்குறாரும்மா.”

“தப்பா?”

“பாதி தப்புத்தான்.”

அன்னம்மா மகளின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். சுளிப்பு எதுவும் அதில் இல்லை. பென்சிலை எடுத்து, சப்பாத்து அடையாளத்துக்கு மேலேயே, அந்த இரண்டு வெடிப்புகளையும் அனோஜா திருத்தி வரைந்துகொண்டிருந்தாள்.